கொரியா வழியா, தைவான் வழியா, சிங்கப்பூர் வழியா?

1960 வாக்கில் தென்கொரியாவில் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானம் 100 டாலர் அளவில்தான் இருந்தது. தைவானில் அதைவிடக் கொஞ்சம் மேல். சிங்கப்பூர் துறைமுக ஊர் என்பதால் இரண்டையும்விட வசதி. ஆனால் அங்கும் வேலை கேட்டு அலைந்தவர்கள் ஏராளம். இன்று மூன்றும் பணக்கார நாடுகளின் வரிசையில் இருக்கின்றன. ஹாங்காங்கையும் சேர்த்து 'ஆசியப் புலிகள்' என்று ஒரே கூண்டில் அடைத்துப் பேசுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் மூன்றும் போன பாதை வேறு வேறு. கொரியா உள்நாட்டு முதலாளிகள் சிலரைத் தேர்ந்தெடுத்து ஊட்டி வளர்த்தது. தைவானில் சின்னச் சின்னப் பட்டறைகள் நிறைய இருந்தன. அவற்றுக்குத் தேவையான தொழில்நுட்பத்தை அரசே வாங்கி வந்து பிரித்துக் கொடுத்தது. சிங்கப்பூர் வெளிநாட்டுக் கம்பெனிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தது.

பள்ளிப் புவியியலில் ஒரு நாடு விவசாயத்தில் தொடங்கி ஐந்து படி ஏறித் தொழில்மயமாகும் என்று ஓர் ஏணியை வரைந்து காட்டுவார்கள். அந்த ஏணியில் யார் ஏறுகிறார், கூலி யார் தருகிறார், ஏறிய பிறகு ஏணி யாருடையது என்பதெல்லாம் இருக்காது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு முதலீட்டாளர் மாநாடு முடிந்ததும் 'எத்தனை கோடி, எத்தனை பேருக்கு வேலை' என்று இரண்டு எண்கள் செய்தியில் வருகின்றன. அது சிங்கப்பூர் வழியின் கணக்கு. வேறு இரண்டு வழிகளும் இருந்தன என்பது பேச்சிலேயே வருவதில்லை. அதனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே: ஆலை ஒரு நாள் பூட்டிக்கொண்டு போனால் ஊரில் என்ன மிஞ்சும்?

கொரியா: கடனும் கட்டளையும்

1961இல் ராணுவப் புரட்சி நடத்தி ஆட்சியைப் பிடித்த பார்க் சுங் ஹீ முதலில் செய்த காரியங்களில் ஒன்று வங்கிகளை அரசின் கைக்குள் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே முதல் ஐந்தாண்டுத் திட்டம். யாருக்குக் கடன், எந்தத் தொழிலுக்குக் கடன், என்ன வட்டி எல்லாம் அரசு சொல்லும். 1960களின் நடுவில் சாதாரண வங்கிக் கடனுக்கு வட்டி 20 சதவீதத்துக்கு மேல். ஏற்றுமதி ஆர்டரைக் காட்டி வாங்கும் கடனுக்கு 6 சதவீதத்தை ஒட்டி. இந்த ஒரு வித்தியாசமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். எந்த முதலாளிக்கும் ஏற்றுமதி செய்வதுதான் மலிவான பணம் கிடைக்கும் வழி. ஒவ்வொரு மாதமும் ஏற்றுமதிக் கூட்டம். அதிபரே தலைமை தாங்குவார். அந்தக் காலத்து ஏற்றுமதிப் பட்டியலில் பொய்முடியும் ('விக்') பெரிய சரக்கு. 1964இல் மொத்த ஏற்றுமதி 10 கோடி டாலரைத் தொட்டது. 1977இல் 1,000 கோடி.

இதற்கு நடுவில் உல்சான் கதை வருகிறது. மீன்பிடிக் கடற்கரை ஒன்றில் உலகத் தரத்தில் கப்பல் கட்டும் தளம் அமைக்க ஹூண்டாய் நிறுவனர் சுங் ஜூ யுங் 1971இல் லண்டனுக்குக் கடன் கேட்டுப் போனார். அவர் கம்பெனி அதுவரை பெரிய கப்பல் எதையும் கட்டியதில்லை. சட்டைப் பையில் இருந்த 500 வான் (கொரிய நாணயம்) நோட்டை எடுத்துக் காட்டி, அதில் அச்சாகியிருந்த 16ஆம் நூற்றாண்டு ஆமைக் கப்பலைச் சுட்டி 'நாங்கள் அப்போதே இரும்புக் கப்பல் கட்டியவர்கள்' என்று பேசினாராம். கொரியர்கள் இன்றும் ரசித்துச் சொல்லும் கதை இது. கிரேக்கக் கப்பல் அதிபர் லிவானோஸ் 2,60,000 டன் எண்ணெய்க் கப்பல் இரண்டுக்கு ஆர்டர் கொடுத்தார். வரைபடம் ஸ்காட்லாந்தில் இருந்து வந்தது. கற்றுக்கொள்ள ஆட்களும் ஸ்காட்லாந்துக்குப் போனார்கள். 1972இல் மண்ணைத் தோண்டத் தொடங்கி, ஒரு பக்கம் உலர்துறையைத் தோண்டிக்கொண்டே இன்னொரு பக்கம் கப்பலின் அடிப்பகுதியைப் பற்றவைத்தார்கள். 1974இல் தளமும் கப்பலும் சேர்ந்தே தயார். வரைபடம் கொடுத்த ஸ்காட்லாந்து ஆற்றங்கரையில் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் கப்பல் தளங்கள் பல மூடின.

போஹாங் எஃகு ஆலைக்கு மேற்கத்திய நாடுகளின் கூட்டமைப்பு கடன் தர மறுத்தது. கட்டுப்படியாகாது என்றார்கள். 1965இல் ஜப்பானுடன் உறவைச் சரிசெய்தபோது, காலனி ஆட்சிக்கு ஈடாக வந்த தொகையில் ஒரு பங்கை எடுத்து ஆலையில் போட்டார் பார்க். 1973இல் முதல் கட்டம் உற்பத்தியைத் தொடங்கியது. ஜப்பானியச் சுரங்கங்களில் கட்டாய வேலை பார்த்தவர்கள் தங்களுக்குச் சேர வேண்டிய பணம் இது என்று பல பத்தாண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

'நம்மூரிலும் உள்நாட்டு முதலாளிகளுக்குப் பாதுகாப்பு கொடுத்தோமே, ஏன் வரவில்லை?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அம்பாசிடர் கார் 1950களின் இறுதியிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஹூண்டாய் மோட்டார் பிறந்ததே 1967இல். அதன் முதல் சொந்த மாடலான போனி உற்பத்திக்கு வந்தது 1975இல். இஞ்சின் மிட்சுபிஷி, வடிவமைப்பு ஓர் இத்தாலியர். இரண்டு கம்பெனிக்கும் சுங்கச் சுவர் இருந்தது. கொரியாவில் சுவருக்கு உள்ளே இருந்தவன் வெளியே விற்றுக் காட்ட வேண்டும். காட்டாதவனுக்கு அடுத்த கடன் இல்லை. இங்கே அந்த நிபந்தனை இல்லாததால் காருக்காக வாடிக்கையாளர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். காரும் பெரிதாக மாறாமல் 2014 வரை வந்துகொண்டிருந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து சான்ட்ரோ வெளியே வந்தபோது, பின்னால் தொடங்கியவன் முன்னால் போய்த் திரும்பி வந்து நமக்கே கார் விற்றான்.

இந்த வழியில் மிஞ்சுவது அதிகம். ஹூண்டாய், சாம்சங், போஸ்கோ (அந்தப் போஹாங் எஃகு ஆலை) எல்லாம் அந்த மண்ணில் வேர் விட்டவை. விலையும் அதிகம். சேபோல் எனப்படும் குடும்பப் பெருநிறுவனங்கள் அரசுக் கடனில் ஊதி ஊதி, 1997இல் ஹன்போ எஃகு, கியா என்று வரிசையாக விழுந்து, பன்னாட்டு நிதியமான ஐ.எம்.எஃப். வாசலில் நாடே கடனுக்கு நின்றது. 1999இல் டேவூ சாய்ந்தது. அப்புறம் வரைபடத்தைப் பாருங்கள்: எஃகு, கப்பல், கார், இயந்திரம் பெரும்பாலும் தென்கிழக்கில், பார்க் பிறந்த கியோங்சாங் பகுதியில். தென்மேற்கு ஜொல்லா பெரும்பாலும் வயலாகவே விடப்பட்டது. இன்று நாட்டு மக்களில் பாதிப் பேர் தலைநகர் சோல் நகரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் நெருக்கிக்கொண்டு வாழ்கிறார்கள்.

தைவான்: நெல்வயலுக்கு நடுவே பட்டறை

தைவான் கதை தொழிற்சாலையில் தொடங்குவதில்லை, நிலத்தில் தொடங்குகிறது. 1949இல் குத்தகையை விளைச்சலில் 37.5 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று உச்சவரம்பு. 1953இல் உழுதவருக்கே நிலம். குடும்பத்துக்கு எட்டிய துண்டு நிலமும் அதில் வந்த சேமிப்பும்தான் பல பட்டறைகளுக்கு முதல். ஊரைவிட்டுப் போகாமல், வயல் ஓரத்திலேயே கூரை போட்டு இரண்டு இயந்திரம் வாங்கி வைத்தார்கள். 1970களில் 'வரவேற்பறையே தொழிற்சாலை' என்று அரசே பிரசாரம் செய்தது. வீட்டுக்குள் பொம்மை, பிளாஸ்டிக் பூ, உதிரி பாகம் என்று கோத்தார்கள். ஃபாக்ஸ்கானின் தாய்க் கம்பெனி 1974இல் தொலைக்காட்சிப் பெட்டிக்குத் திருகும் பிளாஸ்டிக் குமிழ் செய்துதான் தொடங்கியது.

இதோடு நின்றிருந்தால் தைவான் மலிவுச் சரக்கு ஊராகவே முடிந்திருக்கும். சின்னப் பட்டறைக்கு ஆராய்ச்சி செய்ய வசதி கிடையாது. அதை யார் செய்வது என்பதுதான் சிக்கல். 1973இல் அரசு 'தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம்' ஒன்றைத் தொடங்கியது. ஆங்கிலச் சுருக்கம் ஐ.டி.ஆர்.ஐ. 1976இல் அது அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனியிடம் இருந்து சில்லு ('சிப்') செய்யும் தொழில்நுட்பத்தை உரிமம் வாங்கியது. கொஞ்சம் பழையதாகிவிட்ட தொழில்நுட்பம், அதனால்தான் விற்றார்கள். இளம் பொறியாளர்கள் அமெரிக்கா போய்க் கற்றுத் திரும்பி, சோதனை ஆலையில் கைக்கடிகாரத்துக்கான சில்லுகளைச் செய்தார்கள். பழுதில்லாமல் வெளிவந்த சில்லுகளின் விகிதத்தில் குருவையே சீடர்கள் மிஞ்சினார்கள். 1980இல் அந்தக் குழுவில் இருந்து ஒரு பகுதி பிரிந்து யு.எம்.சி. என்ற கம்பெனி ஆனது; அதே ஆண்டு சிஞ்சூ அறிவியல் பூங்கா திறந்தது. 1985இல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் நெடுங்காலம் வேலை பார்த்த மோரிஸ் சாங்கை அழைத்து ஐ.டி.ஆர்.ஐ.யின் தலைவராக்கினார்கள். 1987இல் சில்லு செய்யும் டி.எஸ்.எம்.சி. கம்பெனி பிறந்தது. முதலீட்டில் ஏறக்குறைய பாதி அரசுப் பணம், கால் பங்குக்குச் சற்று மேல் பிலிப்ஸ். 1976இல் இருந்து எண்ணினால் பதினோரு ஆண்டுகள்.

சைக்கிளிலும் இதே பாங்கு. தைச்சுங் பக்கம் 1972இல் தொடங்கிய ஜயன்ட், அமெரிக்காவின் ஷ்வின் கம்பெனிக்குச் சைக்கிள் செய்து கொடுத்தே பெரிதானது. வாங்குபவர் சீனா பக்கம் போகலாம் என்று முன்கூட்டியே யோசித்து 1980களிலேயே சொந்தப் பெயரில் விற்கத் தொடங்கியது. போகவும் போனார்கள். ஷ்வின் பின்னர் திவாலானது. ஜயன்ட் உலகின் பெரிய சைக்கிள் கம்பெனிகளில் ஒன்றாக நிற்கிறது. சுற்றியிருக்கும் கியர், பிரேக், சீட் செய்யும் சிறு கம்பெனிகள்தான் அதன் பலம்.

இங்கே மிஞ்சுவது, எந்த ஒரு கம்பெனி போனாலும் சாகாத ஒரு வலை. விலையை மண்ணும் தண்ணீரும் கொடுத்தன. வயலுக்கு நடுவே பட்டறை என்றால் பட்டறைக் கழிவு வயலுக்குத்தான் போகும். 1980களில் காட்மியம் கலந்த அரிசி விளைந்து பெரிய பிரச்சினை ஆனது. சில்லு வித்தையைக் கற்றுக்கொடுத்த அதே ஆர்.சி.ஏ. தாவ்யுவானில் வைத்திருந்த ஆலை நிலத்தடி நீரைக் கரைப்பான்களால் கெடுத்தது. அங்கே வேலை பார்த்த பெண்கள் பலருக்குப் புற்றுநோய் வந்தது. அவர்கள் போட்ட வழக்கில் சாதகமான தீர்ப்பு வர 2015 ஆகிவிட்டது. நொய்யல் கரைக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சிங்கப்பூர்: வாசலைத் திறந்து வைத்தவர்கள்

1965 ஆகஸ்ட் 9இல் மலேசியாவில் இருந்து பிரிந்தபோது சிங்கப்பூருக்குப் பின்னால் விளைநிலம் இல்லை, உள்நாட்டுச் சந்தை இல்லை. சில ஆண்டுகளிலேயே பிரிட்டிஷ் படையும் கிளம்பப் போவதாக அறிவித்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பிப் பிழைத்தவர்களில் நம் ஆட்களும் மலையாளிகளும் கணிசமாக இருந்தார்கள். டச்சுப் பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியஸ் ஆலோசனை, நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் பிடிவாதம், 1961இல் தொடங்கிய பொருளியல் வளர்ச்சிக் கழகம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஜூரோங் சதுப்பு நிலத்தை ஆலைப் பேட்டையாக்கின. தொடக்கத்தில் ஆலை வராமல் கிடந்தபோது 'கோவின் முட்டாள்தனம்' என்று ஊரே கேலி பேசியது. 1968இல் வேலைவாய்ப்புச் சட்டம் போனஸையும் விடுமுறையையும் இறுக்கியது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் நேஷனல் செமிகண்டக்டரும் அதையொட்டி வந்தன. பிறகு ஹியூலட் பேக்கார்ட், 1980களில் சீகேட்.

இதுவரை கேட்டால் நம் ஸ்ரீபெரும்புதூர் போலத்தான் இருக்கும். வித்தியாசம் அடுத்த காரியத்தில். கழகம், வந்த கம்பெனிகளோடு சேர்ந்து பயிற்சி மையங்கள் நடத்தியது. 1972இல் முதல் மையம் யாரோடு தெரியுமா? நம் டாட்டாவோடு. டை, அச்சு, நுண்கருவி செய்யும் ஆட்களை அங்கே உருவாக்கினார்கள். அடுத்து ஜெர்மனியின் ரோலை கேமரா கம்பெனியோடு ஒன்று. பிறகு பிலிப்ஸோடு. கம்பெனிக்குத் தேவைப்பட்டதைவிடக் கூடுதலான ஆட்களுக்குப் பயிற்சி. செலவில் பெரும்பங்கு அரசுடையது. 1981இல் ரோலை திவாலானது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த ஆலை மூடியது. நுண்கருவி வேலை தெரிந்தவர்களை மற்ற ஆலைகள் இழுத்துக்கொண்டன. ரோலை போனது, ரோலை கற்றுக்கொடுத்தது போகவில்லை.

மலிவுக் கூலி ஆலைகள் போகட்டும் என்று 1979இல் இருந்து மூன்று ஆண்டுகள் வேண்டுமென்றே சம்பளத்தை உயர்த்தியது இன்னொரு துணிச்சல். கொஞ்சம் அதிகமாகிவிட்டது, 1985இல் பொருளாதாரம் சுருங்கியது. கப்பல் தளங்களிலும் கட்டுமானத்திலும் அடிமட்ட வேலையைத் தமிழ்நாட்டில் இருந்தும் வங்கதேசத்தில் இருந்தும் வந்தவர்கள் தலையில் வைத்ததும் இந்தக் கணக்கின் ஒரு பகுதியே. தங்குவிடுதிகளில் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதை உலகம் 2020 தொற்றுக் காலத்தில்தான் கவனித்தது.

இந்த வழியில் வேகம் அதிகம், சொந்தப் பெயர் குறைவு. கொரியாவுக்கு ஒரு சாம்சங், தைவானுக்கு ஒரு டி.எஸ்.எம்.சி. சிங்கப்பூரின் பெரிய உள்நாட்டுப் பெயர்கள் பெரும்பாலும் வங்கி, விமானம், துறைமுகம்.

எந்த வழி யாருக்கு?

மூன்று நாடுகளுக்கும் பொதுவாக இருந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒப்பீடே பொய்யாகிவிடும். மூன்றும் தொழிற்சங்கத்தின் குரல்வளையைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தன. தைவானில் 1987 வரை ராணுவச் சட்டம். சோல் பியோங்வா சந்தைத் தையல் பெண்களுக்காகப் பேசிய ஜியோன் டே இல் என்ற 22 வயதுத் தொழிலாளி 1970 நவம்பரில் தீக்குளித்தார். கொரியத் தொழிலாளர்கள் நிமிர்ந்து கேட்க 1987 ஆனது. அதோடு பனிப்போர் காலம். அமெரிக்கா தன் சந்தையை இவர்களுக்குத் திறந்து வைத்திருந்தது. 1995இல் உலக வணிக அமைப்பு வந்தபின், 'இத்தனை சதவீதம் உள்நாட்டுப் பாகம்' என்பது போன்ற கொரியக் காலத்து நிபந்தனைகள் பல விதிமீறல் ஆகிவிட்டன. ஆக, யாரும் இந்த வழிகளை அப்படியே எடுக்க முடியாது.

இலங்கை 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தைத் திறந்தது. சிங்கப்பூரின் வாசல் கதவை மட்டும் பார்த்துச் செய்தது என்பேன். உள்ளே இருந்த பயிற்சி மையத்தை யாரும் பார்க்கவில்லை. நாற்பது ஆண்டு கழித்தும் ஏற்றுமதியில் ஆடைதான் முன்னால் நிற்கிறது. அதிலும் நிலைத்தவை எம்.ஏ.எஸ்., பிராண்டிக்ஸ் போன்ற உள்நாட்டுக் கம்பெனிகள். இந்தியாவின் காண்ட்லா ஏற்றுமதி வலயம் 1965இல், தைவானின் காவ்ஷியுங் வலயத்துக்கு ஓராண்டு முன்பே, ஆசியாவில் முதலாவதாக வந்தது என்றால் பலர் நம்பமாட்டார்கள். வேலி போட்டால் மட்டும் ஆலை வராது.

சரி, தமிழ்நாடு போன்ற ஒரு மாநிலம்? கொரியா வழி மூடிய கதவு. வங்கி, சுங்கவரி, நாணய மாற்று எதுவும் சென்னையின் கையில் இல்லை. தொழில் முதலீட்டுக் கழகம் 1949 முதல் இருக்கிறது என்றாலும் அதன் பலம் சேபோல் வளர்க்கும் அளவுக்கு இல்லை. டெல்லி 2020இல் தொடங்கிய உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகையில் 'செய்து காட்டினால்தான் காசு' என்ற கொரிய வாசனை கொஞ்சம் இருக்கிறது. அது டெல்லியின் ஆயுதம்.

சிங்கப்பூர் வழியில்தான் 1990களில் இருந்து போய்க்கொண்டிருக்கிறோம், வேடிக்கை என்னவென்றால் கொரிய, தைவான் கம்பெனிகளையே அழைத்துக்கொண்டு. கிராமத்துப் பெண் ஒருத்திக்கு மாதச் சம்பளம் வருவதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் என் அளவுகோலை வைத்துப் பார்த்தால் உதைக்கிறது. நோக்கியா 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி 2014 நவம்பரில் மூடியது. கட்டடம் பல ஆண்டு பூட்டிக் கிடந்து, அப்புறம் சார்ஜர் செய்யும் சால்காம்ப் கைக்குப் போனது. ஃபோர்டு 2022இல் மறைமலைநகர் உற்பத்தியை நிறுத்தியது. ரோலை கதையோடு ஒப்பிட்டால், நோக்கியா வரிசையில் போனைக் கோத்த பெண்களின் கையில் வேறு ஆலைக்கு எடுத்துப் போகும் தொழில் என்று பெரிதாக எதுவும் இல்லை. இந்த வழியை விடச் சொல்லவில்லை. நிலமும் வரிச்சலுகையும் கொடுக்கும் ஒப்பந்தத்திலேயே, கம்பெனியின் தேவையைவிடக் கூடுதலான ஆட்களுக்குப் பயிற்சி தரும் மையம் ஒன்றும், கம்பெனி கிளம்பினால் அதன் இயந்திரங்கள் அரசுக்கு என்ற விதியும் எழுதினால் போதும்.

புதிதாகப் போடும் பணம் மட்டும் தைவான் வழியில் போக வேண்டும் என்பது என் கட்சி. காரணம், அதற்கான பாதி வேலை மேற்கே ஏற்கெனவே நடந்துவிட்டது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோவையில் ஆலைகளும், ஆலைக்கு உதிரி பாகம் செய்த பட்டறைகளும், பம்பு மோட்டாரும் யாரும் அழைக்காமல் தானே முளைத்தன. கணபதி, பீளமேடு பக்கத்துச் சந்துகளில் ஒரு ஷெட்டில் பவுண்டரி, அடுத்ததில் லேத், அதற்கடுத்ததில் காயில் சுற்றுவது, எல்லாம் ஜாப் ஒர்க். ஒரு மோட்டார் முழுதாக வெளியே வருவதற்குள் ஐந்தாறு கூரைகளைப் பார்த்துவிடும். திருப்பூரில் நிட்டிங், சாயம், கட்டிங், பிரிண்டிங், செக்கிங் என்று ஒரு டி-சர்ட் அப்படித்தான் ஊரைச் சுற்றுகிறது. தைச்சுங்காரர் யாரையாவது கொண்டுவந்து நிறுத்தினால் சொந்த ஊர் போல இருக்கிறது என்பார்.

இல்லாதது ஐ.டி.ஆர்.ஐ. போன்ற ஒன்று. கோவையில் 1956 முதல் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி அமைப்பு இருக்கிறது. நூற்பாலைகளுக்காகப் பிறந்து இன்று மருத்துவத் துணி வரை நல்ல வேலை செய்கிறது. சோதித்துச் சான்று தருவது ஒன்று, வெளியில் இருந்து ஒரு தொழில்நுட்பத்தையே வாங்கி, சோதனை ஆலை நடத்தி, அதில் பழகிய ஆட்களோடு கம்பெனியாகப் பிரித்து விடுவது வேறொன்று. திருப்பூரின் தலைவலியையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஊர் பருத்தியில் நிற்கிறது, உலகம் செயற்கை இழைக்குப் போய்விட்டது. விளையாட்டு உடைக்கான வியர்வை உறிஞ்சும் பாலியெஸ்டர் துணியில் தைவான் முன்னணியில் இருக்கிறது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் பல அணிகள் போட்ட சட்டைகளின் இழை ஜப்பானிலும் தைவானிலும் பொறுக்கிய பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்து வந்தது. அந்தத் துணியைத் தனியாக ஆராய்ந்து சாயமேற்றக் கற்க எந்த ஜாப் ஒர்க் முதலாளிக்கும் வசதி கிடையாது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கே அவர்கள் கடன் வாங்கியவர்கள்.

தடை பணம்கூட அல்ல. 1976 முதல் 1987 வரையிலான அந்தப் பதினோரு ஆண்டுகளில் தைவான் ஆட்சியாளர்களுக்குத் தேர்தல் பயம் இல்லை. இங்கே அது இரண்டு தேர்தலைத் தாண்டும், நாடா வெட்டும் விழா எதுவும் இல்லாமல். அதனால் சின்னதாகத் தொடங்கலாம். அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையில் எங்கோ ஒரு சோதனைச் சாயச்சாலை, உரிமம் கொடுத்து வாங்கிய ஒரே ஒரு துணி வகை, முப்பது நாற்பது பொறியாளர்கள். மூன்றாம் ஆண்டில் துணி வராவிட்டாலும் மூடாத, ஆனால் ஆறாம் ஆண்டில் ஒரு கம்பெனியாவது பிரிந்து வரவில்லை என்றால் இயக்குநரை மாற்றும் ஒரு வாரியம். செலவை ஒரு பெரிய கார் ஆலைக்குக் கொடுக்கும் சலுகைத் தொகுப்போடு பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.